17இன் கீழ், 20இன் கீழ் இலங்கை உதைபந்தாட்ட அணிகள்: கணக்கு என்ன, காரணம் என்ன?

மூலைஉதை:
2025 செப்டெம்பரில கொழும்பு ரேஸ்கோர்ஸில நடந்த 17இன் கீழ் சாஃப் (தெற்காசிய உதைபந்தாட்டச் சம்மேளனம்) தொடருக்குப் பிறகு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லினம். தெரிவு பிழை, பயிற்றுநர் பிழை, பொடியளுக்கு உடம்பு காணாது எண்டு. முதல்ல கணக்கை ஒரு இடத்தில வைப்பம். பிறகு சண்டை பிடிப்பம்.

சாஃப் 15 / 16 / 17இன் கீழ் சம்பியன்கள்: 2011 பாகிஸ்தான், 2013 இந்தியா, 2015 பங்களாதேஷ், 2017 இந்தியா, 2018 பங்களாதேஷ். அதுக்குப் பிறகு 2019, 2022, 2023, 2024, 2025 எல்லாம் இந்தியா.

சாஃப் 18 / 19 / 20இன் கீழ்: 2015உம் 2017உம் நேபாளம், 2019, 2022, 2023 இந்தியா, 2024 பங்களாதேஷ், 2025 இந்தியா.

மொத்தம் 17 தொடர். எங்கட பெயர் ஒரு இடத்திலயும் இல்லை. ரெண்டு தரம் (2022, 2025) 17இன் கீழ் தொடரைக் கொழும்பில வைச்சும் கிண்ணம் வெளியிலதான் போனது. 17இன் கீழ், 20இன் கீழ் உலகக் கிண்ணப் பக்கம் இலங்கை ஒருநாளும் போனதில்லை. மூத்த அணிக்காவது சொல்ல 1995 இருக்கு: கொழும்பில இந்தியாவை 1-0 எண்டு வெண்ட தெற்காசியக் கிண்ணம். இளையோருக்கு அப்பிடி ஒரு வருடமும் இல்லை.

2025 மே மாதம் அருணாசலப் பிரதேசம் யூபியாவில 19இன் கீழ் தொடரில எங்கட முதல் ஆட்டம்: இந்தியா 8, இலங்கை 0. இதுக்கு என்ன விளக்கம்?

பாசையூர்ப்பின்களம்:
விளக்கம் 2023இல இருக்கு அண்ணை. அந்த வருடம் ஜனவரியில பீஃபா இலங்கையைத் தடை செய்தது. ஓகஸ்ட் கடைசியிலதான் எடுத்தது. செப்டெம்பரில திம்புவில 16இன் கீழ் சாஃப், காத்மண்டுவில 19இன் கீழ் சாஃப். ரெண்டிலயும் ஆறு நாடுகள்தான், இலங்கை இல்லை. அதை இழந்தது அந்த வருடம் 15, 16 வயசில நிண்ட பொடியள். அதே பொடியளுக்குத்தான் 2025இல 17, 18 வயது. 19இன் கீழ் அணியின்ர முதுகெலும்பா நிக்க வேண்டிய வயசு. ஒரு சர்வதேசத் தொடரை முழுசா இழந்த தொகுதியைக் கொண்டுபோய் இந்தியாவோட முதல் ஆட்டத்தில விட்டால் என்ன நடக்கும்?

மூத்த அணியில ஒரு வருடம் போனால் அதே ஆள் அடுத்த வருடம் விளையாடலாம். இளையோரில அந்த வயசு திரும்பி வராது.

சென்டர்_ஹாஃப்:
தடை ஒரு காரணம், ஒத்துக்கொள்ளுறன். ஆனா தடைக்கு முந்தியும் கதை இதுதானே? 2022 ஜூலை கடைசியில புவனேஸ்வரில 20இன் கீழ் தொடர் நடக்கேக்க தடை இல்லை. அங்கயும் இந்தியாவிட்ட 0-4. தடையை மட்டும் சாட்டேலாது.

பயிற்சிக்குறிப்பு:
என்ரை கருத்து: பிரச்சினை பயிற்றுநரும் இல்லை, தெரிவும் இல்லை. 15 வயசுக்கும் 17 வயசுக்கும் இடையில எங்கட பொடியள் விளையாடுற நிமிடங்கள் காணாது. மிச்சம் எல்லாம் அதில இருந்து வாறதுதான்.

பாடசாலைப் பிரிவுகள் 16, 18, 20. சர்வதேசப் பிரிவு 17. 16இன் கீழ் அணியில தலைவனா நிண்ட பொடியன் அடுத்த வருடம் 18இன் கீழ் அணிக்குப் போறான். அங்க அவன்தான் சின்னவன். அவனுக்கு மேல உயரமும் பலமும் கூடின அண்ணாமார் நிக்கினம், இவன் வாங்கில இருக்கிறான். தேசிய 17இன் கீழ் அணிக்கு அவன் தேவைப்படுறது சரியா அந்த வருடம்தான். போதாக்குறைக்கு அதே வயசில சாதாரண தரப் பரீட்சை. தரம் 11 எண்டவுடன பின்னேரப் பயிற்சி டியூசனா மாறும். தாய் தகப்பனைக் குறை சொல்லேலாது. ஆனா தேசிய முகாமுக்கு வாறவனுக்கு அந்த வருடம் போட்டி ஆட்டம் விரல் விட்டு எண்ணலாம்.

அடுத்தது, வாற ஆட்டமும் எப்பிடி வருது? எல்லாம் விலகல் முறை, தோத்தால் வெளியில. 16 ரீம் சேர்ந்த விலகல் தொடரில மொத்தம் 15 ஆட்டம். எட்டு ரீம் ஒரே ஒரு ஆட்டத்தோட வீட்டை போகுது. அதே 16 ரீமை நாலு நாலாப் பிரிச்சுச் சுற்று முறையில வைச்சால் குழுவுக்கு 6, மொத்தம் 24. காலிறுதியில இருந்து 7. ஆக 31 ஆட்டம், குறைஞ்சது ஆளுக்கு மூண்டு. தோத்த பிறகு மூண்டு நாளில எழும்பி வந்து விளையாடப் பழகிறதும் அங்கதான்.

சென்டர்_ஹாஃப்:
31 ஆட்டத்துக்கு மத்தியஸ்தர் ஆர், மைதானம் எங்க, சாப்பாட்டுக்குக் காசு ஆர் குடுக்கிறது? சொல்லுறது லேசு. எங்கட ஊரில கழகங்கள் கோயில் திருவிழாவை ஒட்டியோ ஆரும் இறந்தவரின்ர ஞாபகார்த்தமாயோ தொடர் வைக்கிறது. கிண்ணத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் காசு குடுக்க ஆள் இருக்கு. குழுநிலை ஆட்டம் பாக்க ஆள் வராது.

பயிற்சிக்குறிப்பு:
எல்லாத்தையும் பெரிய மைதானத்தில வைக்கத் தேவையில்லை. குழுநிலையை நாலு ஊர் மைதானத்தில, ஒரு குழுவுக்கு ஒரு மைதானம், ரெண்டு வார இறுதியில முடிக்கலாம். சனி ரெண்டு, ஞாயிறு ரெண்டு, அடுத்த சனி ரெண்டு. ஒரு மைதானத்துக்கு ஒரு மத்தியஸ்தர் குழு காணும். காலிறுதியில இருந்து மின்னொளியும் ஒலிபெருக்கியும் வரட்டும், ஆர் வேண்டாமெண்டது?

இன்னொண்டு. எங்கட பக்கம் கூட நடக்கிறது அணிக்கு 7 பேர், 9 பேர் தொடர்கள். சின்ன இடத்தில சுழண்டு அடிக்கிற திறமை அதில வரும், மறுக்கேலாது. ஆனா 9 பேர் ஆட்டத்தில பின்களத்துக்குப் பின்னால 30 மீற்றர் வெளி கிடையாது. 11 பேர் ஆட்டத்தில பின்களம் மேல ஏறினால் அந்த வெளியை ஆர் காக்கிறது, ஓப்சைட் கோட்டை ஆர் பிடிக்கிறது, கீப்பர் எவ்வளவு வெளியில வரவேணும் எண்டு பழகக் கிடைக்காது. இளையோர் அணி வாங்கிற கோலில பெரும்பங்கு அந்த வெளிக்குள்ள விழுற பந்தில வாறது.

நாவாந்துறை_ஒன்பது:
முற்றும் உண்மை. நான் ஒண்டு சேர்க்கிறன்: நிலம். எங்கட கரையோர மைதானங்கள் மணலும் கிறவலும். பந்து எங்க துள்ளும் எண்டு சொல்லேலாது. அதால பொடியள் முதல் தொடுகையில பந்தை நிப்பாட்டிப் பாத்து, ரெண்டாவதில சரிசெய்து, மூண்டாவதில குடுக்கப் பழகினவை. நெஞ்சில, தொடையில எடுக்கிறது வடிவா வரும். ஆனா செயற்கைப் புல்லில பந்து தரையோட வேகமா வரும். மூண்டு தொடுகைக்கு நேரம் இல்லை. எதிரணி முன்கள வீரன் ரெண்டாவது தொடுகையிலயே காலடியில நிப்பான். லலித்பூரில அன்பா (நேபாள உதைபந்தாட்டச் சங்கம்) வளாகமும் திம்பு சங்லிமித்தாங்கும் செயற்கைப் புல்தான். சாஃப் இளையோர் தொடர் அங்கயும் போகுது.

அதோட கோல் உதை. 2019இல விதி மாறினதில இருந்து கோல் உதையைப் பெட்டிக்குள்ளயே சக வீரன் வாங்கலாம். எல்லாரும் அப்பிடித்தான் ஆட்டத்தைக் கட்டினம். முகாமில மூண்டு கிழமை பழகிப்போட்டு அங்க போய் அதைச் செய்யப் போனால் நாலு பேர் வந்து அமுக்குவினம். பந்து போனால் 16 மீற்றருக்குள்ள கோல். பழகாத ரீமுக்கு நான் சொல்லுறது: முதல் 20 நிமிடம் கோல் உதையை நீளமா, ஒரே பக்கத்துக்கு அடி. எல்லாரும் அந்தப் பக்கம் சுருங்கி நில்லுங்கோ. ரெண்டாவது பந்தை எடுத்தால் போதும்.

மூலைஉதை:
சப்பாத்து எது நல்லம்? வழமையா எல்லாரும் நீட்டு ஸ்டட் உள்ளதைத்தான் வாங்கினம்.

நாவாந்துறை_ஒன்பது:
செயற்கைப் புல்லுக்கு எஃப்ஜி (இயற்கைப் புல் தரைக்கான சப்பாத்து), அதுவும் கத்தி மாதிரி ஸ்டட் உள்ளது வேண்டாம். கால் தரையில பிடிச்சு நிண்டு உடம்பு மட்டும் திரும்பும், முழங்கால் போகும். செயற்கைப் புல்லுக்கானதில ஏஜி எண்டு போட்டிருக்கும், ஸ்டட் கட்டை, வட்டம், எண்ணிக்கை கூட. காய்ஞ்ச இறுகின நிலத்துக்கும் அதே போடலாம். புதுச் சப்பாத்தைப் பயணத்துக்கு முதல் கிழமை வாங்கிறதும் பிழை. குறைஞ்சது பத்துப் பயிற்சி போட்டுக் கால் பழகவேணும், இல்லாட்டி ரெண்டாவது ஆட்டத்தில குதிக்கால் கொப்பளம்.

சென்டர்_ஹாஃப்:
திம்பு எண்டவுடன உயரத்தைப் பற்றியும் சொல்லவேணும். கடல் மட்டத்தில இருந்து ஏறக்குறைய 2,300 மீற்றர். யாழ்ப்பாணத்தில ஆக உயரமான இடத்தில ஏறி நிண்டாலும் என்ன வரப்போகுது! முதல் மூண்டு நாள் மூச்சு வாங்கும், நித்திரை குழம்பும், தலையிடிக்கும். பந்தும் வேகமாப் பறக்கும். காத்து ஐதெண்டபடியா 40 மீற்றர் பந்து கொஞ்சம் தள்ளித்தான் விழும். குறுக்குப் பந்து எல்லாம் தூரக் கம்பத்தைத் தாண்டிப் போறதைப் பாத்திருப்பியள். வீரரின்ர கால் பிழை இல்லை அது. ஒரு கிழமை முந்திப் போகக் காசு இருந்தால் நல்லம். இல்லாட்டி முதல் ஆட்டத்தில அமுக்கிற ஆட்டத்தை விட்டுட்டு நடுக்களத்தில நாலு பேரை நிப்பாட்டி, 55ஆவது நிமிடத்திலயே மாற்று வீரரை இறக்கத் தொடங்கவேணும்.

விதிப்புத்தகம்:
ஆசியத் தகுதிகாண் சுற்றின் அமைப்பையும் இங்கே பதிவது நல்லது. பலர் சாஃப் தொடரோடு அதைக் குழப்புகிறார்கள்.

17இன் கீழ் உலகக் கிண்ணம் 2025 முதல் ஒவ்வோர் ஆண்டும் 48 அணிகளுடன் நடக்கிறது. 2029 வரை கட்டாரில். அதனால் 17இன் கீழ் ஆசியக் கிண்ணமும் ஆண்டுதோறும் நடக்கிறது. 2026 ஆசியக் கிண்ணத்துக்கு ஒன்பது அணிகள் நேரடியாக நுழைந்தன. மீதமுள்ள ஏழு இடங்களுக்கு 38 அணிகள், ஏழு குழுக்கள். குழுவில் முதலாவதாக வரும் அணிக்கு மட்டுமே இடம். இலங்கை இருந்த குழுவில் சீனா, பஹ்ரேன், பங்களாதேஷ், கிழக்குத் திமோர், புரூணை. ஆட்டங்கள் சீனாவில், 2025 நவம்பர் 22 முதல் 30 வரை. ஆறு அணிகள் என்பதால் ஒன்பது நாட்களில் ஐந்து ஆட்டங்கள்.

இந்தக் கணக்கைப் பாருங்கள். ஐந்து ஆட்டம் என்றால் 450 நிமிடங்கள். களத்தில் கீப்பரைத் தவிரப் பத்துப் பேர், ஆக 4,500 வீரர் நிமிடங்கள். 23 பேர் கொண்ட அணியில் மூன்று கீப்பர்கள் போக இருபது பேர். சமமாகப் பகிர்ந்தால் ஆளுக்கு 225 நிமிடங்கள். முதல் பதினொருவரையே திரும்பத் திரும்ப இறக்கினால் ஒருவனுக்கு 450. ஒருநாள் விட்டு ஒருநாள் 90 நிமிடங்கள் ஓட, அந்த வயதில் பழக்கப்பட்ட உடல் வேண்டும். மூன்றாவது ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் கால் இழுக்கத் தொடங்கும். ஆகவே பன்னிரண்டாவது முதல் பதினெட்டாவது வீரர் வரை யார் என்பதே தெரிவில் முக்கியம். நம்மவர்கள் முதல் பதினொருவரைப் பற்றி மட்டுமே வாதாடுகிறோம்.

குழுப் பிரிப்பும் கடந்த தொடர்களின் பெறுபேற்றை வைத்துத்தான். பெறுபேறு மோசமானால் குலுக்கலில் கடைசிச் சட்டி (கடைசித் தரப்பிரிவு). கடைசிச் சட்டி என்றால் பலமான அணிகளும் போட்டியை நடத்தும் நாடும் ஒரே குழுவில். அங்கிருந்து மீண்டும் மோசமான பெறுபேறு.

பாசையூர்ப்பின்களம்:
இந்தியாவும் ஒருகாலம் அப்பிடித்தானே. 2018இல 16இன் கீழ் ஆசியக் கிண்ணக் காலிறுதியில தென்கொரியாவிட்ட 0-1. அதை வெண்டிருந்தால் உலகக் கிண்ணம். 2025 நவம்பரில அகமதாபாத்தில ஈரானை 2-1 எண்டு வெண்டு 2026 ஆசியக் கிண்ணத்துக்கு இடம் பிடிச்சினம். ஒரே இரவில வந்ததில்லை. பங்களாதேஷுக்கு சாவாரில பிகேஎஸ்பி எண்ட விடுதியோட கூடின விளையாட்டுக் கல்லூரி, நேபாளத்துக்கு அன்பா அக்கடமி. படிப்பும் பந்தும் ஒரே வளவில. எங்கட சாதாரண தரப் பிரச்சினைக்கு மருந்து அதுதான்.

ரொறன்ரோ_யாழ்:
புலம்பெயர்ந்த பிள்ளையளை ஏன் எடுக்கினமில்லை? மூத்த அணிக்கு சுவீடனில பிறந்த ஆதவன் ராஜமோகன் மாதிரி ஆக்கள் விளையாடினம். கனடாவிலயும் சுவிஸிலயும் அக்கடமிகளில எங்கட பிள்ளையள் கனபேர். 17இன் கீழ் அணிக்கு அஞ்சு பேர் வந்தால் அணி மாறும்.

விதிப்புத்தகம்:
மூத்த அணிக்கும் இளையோர் அணிக்கும் உள்ள வித்தியாசம் காலம். முதலில் கடவுச்சீட்டு. பிள்ளை பிறக்கும்போது தாயோ தகப்பனோ இலங்கைப் பிரஜையாக இருந்தால் வம்சாவளிப் பிரஜாவுரிமைக்குப் பதியலாம். பிள்ளை பிறந்து ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிந்திருந்தால் சிக்கல் இல்லை, பிந்தினால் மேலதிக நடைமுறை உண்டு. பெற்றோர் அதற்கு முன்னரே வேற்று நாட்டுப் பிரஜாவுரிமை எடுத்து இலங்கைப் பிரஜாவுரிமையை இழந்திருந்தால் அந்த வழி அடைபடும். அப்போது பெற்றோர் இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். 22 வயதுக்கு உட்பட்ட, மணமாகாத பிள்ளைகளை அந்த விண்ணப்பத்தில் சேர்க்கலாம். இது மாதக்கணக்கில் போகும். 15 வயதில் தொடங்காவிட்டால் 17இன் கீழ் தொடர் கைநழுவிவிடும்.

அடுத்தது பீஃபா விதி. பிள்ளை கனடாவுக்கோ சுவிஸுக்கோ இளையோர் சிநேகபூர்வ ஆட்டம் மட்டும் ஆடியிருந்தால் எந்தக் கட்டும் இல்லை. கண்டச் சம்மேளனத்தின் தகுதிகாண் ஆட்டம் போன்ற உத்தியோகபூர்வ ஆட்டத்தில் ஒரு நிமிடம் இறங்கியிருந்தாலும் அணி மாற்ற பீஃபாவிடம் விண்ணப்பிக்க வேண்டும். அப்படி மாறுவது ஒரே ஒரு தடவைதான்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது: நாளைக்குக் கனடா மூத்த அணிக்குப் போகக்கூடிய பிள்ளையை இலங்கை 17இன் கீழ் அணியின் ஆசியத் தகுதிகாண் ஆட்டத்தில் இறக்கினால் அந்த ஒரு தடவை மாற்றும் உரிமையை இங்கேயே தொடக்கி வைக்கிறீர்கள். யோசித்துச் செய்யுங்கள்.

சென்டர்_ஹாஃப்:
எனக்கு இந்த யோசனையே பிடிக்கேல்லை. அஞ்சு பேரை விமானத்தில இறக்கினால் ஸ்கோர் 8-0இல இருந்து 3-0 ஆகும். இஞ்ச வாங்கில இருக்கிற 18இன் கீழ் பொடியனுக்கு அதால என்ன? மூத்த அணிக்கு எடுங்கோ, குறை சொல்லமாட்டன். இளையோர் அணி ஆளை வளர்க்கிற இடம்.

ரொறன்ரோ_யாழ்:
கூட நிண்டு விளையாடினாலும் வளருவினம் தானே? தரமான ஆளுக்குப் பக்கத்தில நிண்டு பழகிறது பயிற்சி இல்லையோ?

சென்டர்_ஹாஃப்:
மூண்டு கிழமை பக்கத்தில நிண்டு என்னத்தைப் பழகிறது.

இளவாலைக்காற்று:
வேற விசயம். 17இன் கீழ் தெரிவுக்குப் போற பொடியளின்ர ஆவணங்கள் பற்றி ஆராவது தெளிவாச் சொல்லுங்கோ. மணிக்கட்டு எம்ஆர்ஐ எண்டு கேள்விப்பட்டன், அது என்ன?

விதிப்புத்தகம்:
17இன் கீழ் ஆண்கள் தொடர்களில் பீஃபா 2009 முதல் பயன்படுத்தும் முறை. பொதுவாக இடது மணிக்கட்டைப் படம் எடுத்து, ஆரை எலும்பின் கீழ் முனையிலுள்ள வளர்ச்சித் தகடு எவ்வளவு மூடியிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஆறு படிநிலைகள். ஆறாவது என்றால் முழுதாக மூடிவிட்டது, வீரர் விளையாட முடியாது. கதிர்வீச்சு இல்லாததால்தான் எக்ஸ்ரேயை விட்டு எம்ஆர்ஐ. இது வயதைச் சொல்லும் சோதனை அல்ல. 17 வயதுக்குள் அந்த எலும்பு முழுதாக மூடுவது மிக அரிது என்ற அடிப்படை மட்டுமே. அரிதாக, பிறப்புச் சான்றிதழ் சரியாக உள்ள பையனுக்கும் முன்கூட்டியே மூடியிருக்கும். அவன் பொய் சொன்னான் என்று அர்த்தமில்லை. ஆனால் ஆட முடியாது. எனவே இறுதிப் பெயர்ப்பட்டியல் அனுப்புவதற்கு முன் உள்ளூரிலேயே ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். விமானம் ஏறிய பின் தெரியவந்தால் ஓர் இடம் வீண். பெண்களுக்கு அந்தத் தகடு முந்தியே மூடுவதால் இந்த முறை அவர்களுக்குப் பொருந்தாது.

பயிற்சிக்குறிப்பு:
ஆவணம்: 2026 ஆசியக் கிண்ணத்துக்கு 2009 ஜனவரி 1இலயும் பிறகும் பிறந்தவை. எப்பவும் ஜனவரி 1தான் கோடு. 2008 டிசம்பர் 31 எண்டால் முடிஞ்சுது.

பிறப்புச் சான்றிதழின்ர புதுப் பிரதி பிரதேச செயலகத்தில எடுக்கலாம். அடையாள அட்டை 15 வயசில இருந்து. இதில கனபேர் மாட்டுப்படுற இடம் பெயரின்ர ஆங்கில எழுத்து. சான்றிதழில ஒரு மாதிரி, பாடசாலைப் பதிவில இன்னொரு மாதிரி, தகப்பன் பெயர் முன்னுக்கோ பின்னுக்கோ. கடவுச்சீட்டில இருக்கிற எழுத்துத்தான் பீஃபா கனெக்ட் எண்ட இணைய வீரர் பதிவிலயும் வரவேணும். வேற வேறயா இருந்தால் ஒரே பொடியன் பதிவில ரெண்டு ஆள் மாதிரி நிப்பான். அதைத் திருத்த நாள் எடுக்கும். அடையாள அட்டைக்குப் போடேக்கயே ஒரே எழுத்தாக்குங்கோ. கடவுச்சீட்டுக்கு முந்தி வவுனியாவுக்கோ கொழும்புக்கோ ஓடவேணும். 2025 செப்டெம்பர் 1இல இருந்து யாழ் மாவட்டச் செயலகத்திலயே காரியாலயம் இருக்கு. முகாமுக்குப் பெயர் வந்த பிறகு போறதை விட்டுட்டு, மாகாண மட்டத்துக்கு வந்தவுடனயே எடுத்து வைக்கிறது புத்தி.

தெல்லிப்பழைத்தடம்:
பெண்கள் அணியைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரிப் பிள்ளையள் தேசிய மட்டத்தில கிண்ணம் தூக்கிற ஊர் இது. 15இல இருந்து 17 வரை நிமிடங்கள் காணாது எண்ட கதை அவைக்கு ரெண்டு மடங்கு பொருந்தும். பக்கத்துப் பாடசாலையில ரீமே இல்லாட்டி ஆரோட விளையாடிறது?

பயிற்சிக்குறிப்பு:
சரி. அதுக்கு ஒரு வழி இருக்கு: பெண்கள் 18இன் கீழ் அணியை 14இன் கீழ் ஆண்கள் அணியோட கிழமைக்கு ஒரு பயிற்சி ஆட்டம் விடுறது. வேகம் கிட்டத்தட்ட ஒத்துவரும். 11 பேர், முழு மைதானம், 35 நிமிடம் ரெண்டு பாதி. சில அதிபர்மார் ஓம்படமாட்டினம், கேட்டுப் பாக்கிறதில நட்டமில்லை.

இளவாலைக்காற்று:
முகாமுக்கு முந்திப் பொடியன் தனிய என்ன செய்யலாம்? ஒரு மாதம் இருக்கு எண்டு வைப்பம்.

பயிற்சிக்குறிப்பு:
முதல் நாளே யோ-யோ சோதனை வைப்பினம். 20 மீற்றர் போய் 20 மீற்றர் வந்து 10 செக்கன் ஓய்வு, பீப் சத்தம் வேகமாகிக்கொண்டே போகும். றோட்டில 5 கிலோமீற்றர் ஒரே வேகத்தில ஓடிப்போட்டு வாறவன் இதில பத்து நிமிடத்துக்குள்ள விழுந்திடுவான், ஏனெண்டால் இது நிண்டு திரும்பி வெளிக்கிடுற ஓட்டம். அதால கிழமைக்கு ரெண்டு நாள்: 15 செக்கன் வேகமா, 15 செக்கன் நடை, எட்டு நிமிடம். மூண்டு நிமிடம் ஓய்வு. திரும்ப எட்டு. முதல் கிழமை ரெண்டு சுற்று, மூண்டாவது கிழமையில மூண்டு. கடைசிக் கிழமை ஒரு சுற்றோட நிப்பாட்டு, களைச்ச காலோட போகாத.

பந்துக்கு: 8 மீற்றருக்கு 8 மீற்றர் சதுரம், வெளியில நாலு பேர், உள்ள ரெண்டு பேர், ஆளுக்கு ரெண்டு தொடுகை மட்டும். மூண்டு நிமிடம் ஆடி ஒரு நிமிடம் நில்லு, ஆறு தரம். மணலில செய்யாத, பந்து துள்ளி ரெண்டு தொடுகை வராது. புல் கிடைக்காட்டி சீமெந்துக் கூடைப்பந்துத் திடலில காத்துக் குறைச்ச பந்தோட செய். தரையோட வேகமா வாற பந்துக்குக் கால் பழகும். ஸ்டட் உள்ள சப்பாத்துப் போடாத, சாதாரண ரப்பர் அடிச் சப்பாத்துக் காணும்.

கீப்பர் எண்டால் வேற. பெட்டிக்கு வெளியில நிண்டு ரெண்டு காலாலயும் 30 மீற்றர் பந்து குடுக்கப் பழகவேணும், நாளுக்கு இடது 30, வலது 30. பாய்ஞ்சு பிடிக்கிறது எல்லாருக்கும் வரும். தெரிவில பின்னுக்குத் தள்ளுறது காலைத்தான்.

மூலைஉதை:
சுற்று முறைத் தொடர் பற்றி லீக்கோட கதைக்க ஒரு கடிதம் எழுதுவம் எண்டு நினைக்கிறன். 16 ரீம், நாலு மைதானம், ரெண்டு வார இறுதி. 2010, 2011இல பிறந்தவை மட்டும். மத்தியஸ்தர் செலவுக் கணக்கை ஆராவது போட்டுத் தாங்கோ, மிச்சத்தை நான் எழுதுறன்.

சென்டர்_ஹாஃப்:
கணக்கை நான் போடுறன். நாலு மைதானத்துக்கு முதலுதவிப் பெட்டியும் ஐஸும் சேர்த்துத்தான் போடுவன், பிறகு கூடிப்போச்சு எண்டு சொல்லக்கூடாது.